0.1ஐ எங்கே வைப்பது? நிரல்மொழிகளும் தசமத் துல்லியமும்

பைத்தானிலோ ஜாவாஸ்கிரிப்டிலோ 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று விடை வருகிறது. நிரல் எழுதக் கற்கும் பெரும்பாலோர் தொடக்கத்திலேயே இதைப் பார்த்துவிடுகிறார்கள். கணினி தன் தர வரையறையிலிருந்து இம்மியும் விலகவில்லை. ஆனாலும் இந்த விடையை ஒரு பில்லில் அச்சிட முடியாது. தசம எண்களைக் கணினியில் எப்படி வைப்பது என்ற கேள்விக்கு எண்பது ஆண்டுகளாகப் பதில்கள் சொல்லப்பட்டு வருகின்றன. பதில்கள் பல, ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட தேவையிலிருந்து பிறந்தது, அந்தத் தேவைக்கு வெளியே போனதும் தடுமாறுகிறது. அவை எங்கிருந்து வந்தன, எங்கே தடுமாறுகின்றன என்று வரிசையாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிக்கலின் வேர்

ஒரு பின்னம் ஓர் எண்முறையில் முடிவுள்ள இலக்கங்களாக எழுதப்பட வேண்டுமானால், சுருக்கிய பின் அதன் பகுதியிலுள்ள பகா எண்கள் எல்லாம் அந்த முறையின் அடிமானத்தையும் வகுக்க வேண்டும். பத்து என்பது 2 × 5. அதனால் பதின்ம முறையில் 2, 5 ஆகியவற்றால் மட்டுமே ஆன பகுதியுள்ள பின்னங்கள் முடிவுறும், 1/3 முடிவுறாது. இரும முறைக்கு 2 மட்டுமே துணை. நம் பழைய பின்ன அளவைகளை வைத்தே இதைப் பார்க்கலாம். அரை, கால், அரைக்கால், வீசம் ஆகியவை 1/2, 1/4, 1/8, 1/16. கணினியின் இரும முறையில் இவை துளியும் பிசகாமல் உட்காரும். மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. இந்த மூன்றின் பகுதியிலும் 5 ஒளிந்திருக்கிறது. பதின்மத்தில் 0.05, 0.0125, 0.003125 என்று முடிந்துவிடும் இவை, இருமத்தில் முடிவே இல்லாமல் நீளும். பத்தில் ஒரு பங்கும் அப்படித்தான்.

முடிவில்லாததை எங்காவது வெட்டியாக வேண்டும். இன்று பெரும்பாலான மொழிகள் பயன்படுத்தும் 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணில் (எண்ணின் அளவுக்கேற்பப் புள்ளியின் இடம் நகரும் வடிவம்) 53 பிட்டுகள் இலக்கங்களுக்கானவை. பதின்மத்தில் சொன்னால் 15 முதல் 17 இலக்கங்கள். அதில் 0.1 என்று எழுதினால் உண்மையில் சேமிக்கப்படுவது 0.10000000000000000555 என்று தொடங்கி, புள்ளிக்குப் பின் 55 இலக்கங்கள் வரை ஓடும் வேறோர் எண். திரையில் 0.1 என்றே தெரிவதற்குக் காரணம், அதே எண்ணைத் திரும்பப் பெறப் போதுமான மிகக் குறுகிய தசமத்தை மொழி தேடி அச்சிடுவதுதான். அந்தத் தேடலுக்கான வழிமுறையை ஸ்டீலும் ஒயிட்டும் 1990இல் விரிவாக வெளியிட்டார்கள். பைத்தான் 2.6 வரை 0.10000000000000001 என்று காட்டிக்கொண்டிருந்தது; 2009இல் வந்த 3.1 இந்தக் குறுக்கத்துக்கு மாறியது. படிப்பதற்கு அது பெரிய வசதி. உள்ளே இருப்பது வேறு எண் என்ற செய்தி கண்ணிலிருந்து மறைந்ததும் அப்போதுதான்.

இருமமா, பதின்மமா: பழைய வழக்கு

எனியாக் கணினி பதின்ம முறையில்தான் எண்களை வைத்திருந்தது. அதற்கு முன்பே, 1941இல் கொன்ராட் சூசே ஜெர்மனியில் உருவாக்கிய இசட்3 இரும மிதவைப் புள்ளியில் இயங்கியது. 1946இல் பர்க்ஸ், கோல்ட்ஸ்டைன், வான் நாய்மன் மூவரும் எழுதிய வடிவமைப்பு அறிக்கை இருமத்தை ஆதரித்தது, மிதவைப் புள்ளியை மறுத்தது. எண்ணின் அளவு எந்த எல்லைக்குள் இருக்கும் என்பதை நிரல் எழுதுபவரே யோசித்து வைத்துக்கொள்ளலாம், அதற்காக இயந்திரத்தின் நினைவகத்தைச் செலவிடத் தேவையில்லை என்பது அவர்கள் வாதம். அந்த யோசனையின் சுமையை அவர்கள் குறைத்து மதிப்பிட்டார்கள் என்றே தோன்றுகிறது. எட்டே ஆண்டுகளில், 1954இல், ஐபிஎம் 704 வன்பொருளிலேயே மிதவைப் புள்ளியோடு அறிவிக்கப்பட்டது.

1950களில் கணினி உலகம் இரண்டாகப் பிரிந்து நின்றது. அறிவியலுக்கு இரும இயந்திரங்கள், அவற்றுக்கு 1957இல் ஃபோர்ட்ரான். வணிகத்துக்கு ஐபிஎம் 650, 1401 போன்ற பதின்ம இயந்திரங்கள், கணக்கெழுத 1960இல் கோபோல். 1964இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் சிஸ்டம்/360 இரண்டு எண்முறைகளையும் ஒரே இயந்திரத்துக்குள் கொண்டுவந்தது. ஆனால் அதற்குப் பின் பரவிய சி, சி++, ஜாவா, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மொழிகள் எண் விஷயத்தில் ஃபோர்ட்ரானின் வாரிசுகள். புள்ளி வைத்து ஓர் எண்ணை எழுதினால் அவை இரும மிதவைப் புள்ளியாகவே எடுத்துக்கொள்ளும். வங்கியும் கடையும் வரி அலுவலகமும் பிற்பாடு இந்த மொழிகளுக்குக் குடிபெயர்ந்தன. இன்றைய குழப்பத்தின் பெரும்பகுதி இந்த வரலாற்றிலிருந்து வருகிறது.

1985இல் வந்த ஐட்ரிபிள்ஈ 754 தர வரையறையின் அருமையை இங்கே சொல்லியாக வேண்டும். அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனத்தின் இயந்திரமும் ஒரே கணக்குக்கு வெவ்வேறு விடை தந்தது. வில்லியம் கஹான் முன்னின்று உருவாக்கிய அந்த வரையறை, கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஒவ்வொன்றும் உண்மை விடைக்கு மிக அருகிலுள்ள எண்ணைத் தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. 0.30000000000000004 எல்லா இயந்திரத்திலும் அதே இலக்கங்களோடு வருவது அந்த உழைப்பின் பயன். கஹானுக்கு 1989இல் டூரிங் விருது கிடைத்தது.

சிறு பிழையோடு வாழ்வது

முதல் நிலைப்பாடு அறிவியல் கணக்கீட்டிலிருந்து வந்தது: பிழை சிறியது, அளவு தெரிந்தது, அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு நடக்கலாம். டேவிட் கோல்ட்பெர்க் 1991இல் எழுதிய நெடுங்கட்டுரை இந்த மரபின் பாடநூல் போல இன்றும் வாசிக்கப்படுகிறது. வெப்பநிலை, நீளம், மின்னழுத்தம் போன்ற அளவீடுகளில் 16 இலக்கத் துல்லியம் எந்தக் கருவிக்கும் வாய்க்காது. அங்கே இரும மிதவைப் புள்ளி போதும் என்பது மட்டுமல்ல, அதுவே சிறந்த தேர்வு.

சிக்கல் ஒப்பிடும்போது வருகிறது. இரண்டு எண்கள் சமமா என்று கேட்பதற்குப் பதிலாக, வேறுபாடு ஒரு சிறு எல்லைக்குள் இருக்கிறதா என்று கேள் என்பது வழக்கமான அறிவுரை. அந்த எல்லை எவ்வளவு? பைத்தான் 2015இல் இதற்கென ஒரு சார்பைச் சேர்த்தது. எண்ணின் அளவுக்கு ஏற்ப நூறு கோடியில் ஒரு பங்கு வரை வேறுபாட்டை அது பொறுக்கும், பூஜ்யத்தோடு ஒப்பிடும்போது இயல்பாக எதையும் பொறுக்காது. ஏனென்றால் பூஜ்யத்துக்கு அருகில் எவ்வளவு சிறியது சிறியது என்பது சிக்கலுக்குச் சிக்கல் மாறும். இன்னொரு குறை அடிப்படையானது. அ, ஆவுக்கு நெருக்கம். ஆ, இவுக்கு நெருக்கம். ஆனால் அ, இவுக்கு நெருக்கமாக இருக்க வேண்டியதில்லை. வரிசைப்படுத்தவும் தொகுக்கவும் இப்படிப்பட்ட ‘சமம்’ உதவாது.

கூட்டலில் சேரும் பிழைக்கு நல்ல மருந்து உண்டு. 0.1ஐப் பத்து முறை கூட்டினால் 0.9999999999999999 வருகிறது. ஒவ்வொரு கூட்டலிலும் தவறிப்போன சிறு பகுதியைத் தனியே வைத்து அடுத்ததில் சேர்க்கும் முறையை கஹான் 1965இல் வெளியிட்டார். அதன் வழிவந்த முறை ஒன்று பைத்தான் 3.12இல் சாதாரணக் கூட்டுச் சார்புக்குள்ளேயே வந்துவிட்டது. எக்செல் வேறு வழியில் போகிறது: கழித்தலின் முடிவு பூஜ்யத்துக்கு மிக அருகில் வந்தால் அதைப் பூஜ்யமாகவே காட்டும். (4/3-1)*3-1 என்று எழுதினால் 0; அதே கோவையைச் சுற்றி ஓர் அடைப்புக்குறி போட்டால் ஏறத்தாழ -2.22 × 10⁻¹⁶. கஹான் இதைக் கடுமையாகக் கண்டித்தார். அவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. அடைப்புக்குறிக்கு விடை மாறும் கணக்கை எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

காசாக எண்ணுவது

ரூபாயைக் காசாக மாற்றி முழு எண்ணாக வைத்துக்கொள் என்பது வணிக நிரலாளர்களின் அறிவுரை. ஒரு வகையில் 1946 அறிக்கையின் எண்ணமே மீண்டும் வந்திருக்கிறது. பிட்காயின் தன் நாணயத்தைப் பத்துக் கோடிப் பங்காகப் பிரித்து முழு எண்ணில் எண்ணுகிறது. ஈத்தர் என்ற மின்நாணயத்தின் சிற்றலகு வெய். ஓர் ஈத்தர் 10¹⁸ வெய்.

முழு எண்ணுக்கும் கூரை உண்டு. ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் வகை மிதவைப் புள்ளிதான். அதில் முழு எண்கள் 9007199254740992 வரைதான் ஒன்றுவிடாமல் கிடைக்கும். வெய்யில் சொன்னால் அது ஓர் ஈத்தரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. 2010இல் ட்விட்டர் தன் பதிவு எண்களைப் பெரிதாக்கியபோது இதே கூரையில் இடித்ததால், அந்த எண்களைச் சரமாகவும் சேர்த்து அனுப்ப வேண்டியிருந்தது. எவ்வளவு பெரிய முழு எண்ணையும் ஏற்கும் பிக்இன்ட் வகை 2020இல்தான் அந்த மொழியின் தர வரையறைக்குள் வந்தது.

நாணயங்களும் ஒரே மாதிரி இல்லை. ஜப்பானிய யென்னுக்குப் புள்ளிக்குப் பின் இலக்கமே கிடையாது, குவைத் தினாருக்கு மூன்று. 5000 என்ற முழு எண் ஐம்பது ரூபாயா, ஐயாயிரம் யென்னா, ஐந்து தினாரா என்பது எண்ணுக்குள் இல்லை. நிரலாளரின் மனத்தில் இருக்கிறது, அல்லது எங்கோ ஒரு குறிப்பில். வட்டியோ வரியோ வந்ததும் காசுக்குக் கீழே பின்னம் எழும், அப்போது முழுமையாக்கியே ஆக வேண்டும். கூட்டலும் கழித்தலும் மட்டுமே உள்ள பேரேட்டுக்கு இந்த முறையை விஞ்ச எதுவும் இல்லை. வகுத்தல் நுழைந்ததும் அது பாதிப் பதில்தான்.

பதின்ம வகைகள்

மூன்றாவது நிலைப்பாடு: மனிதர் பத்தில் எழுதினால் இயந்திரமும் பத்தில் கணக்கிடட்டும். கோபோல் தொடக்கம் முதலே இப்படித்தான். 1979இல் ஐபிஎம்மில் ரெக்ஸ் மொழியை உருவாக்கத் தொடங்கிய மைக் கௌலிஷா, பின்னாளில் பதின்ம மிதவைப் புள்ளிக்கு முழு வரையறை எழுதினார். 2008இல் திருத்தப்பட்ட 754 தரம் 16 இலக்கமும் 34 இலக்கமும் கொண்ட பதின்ம வடிவங்களை ஏற்றுக்கொண்டது. ஐபிஎம்மின் பவர்6 செயலியில் 2007இலேயே அது வன்பொருளாக வந்திருந்தது. மொழிகள் அதற்கு முன்பே மென்பொருளில் செய்துகொண்டன: ஜாவாவில் 1997 முதல் பிக்டெசிமல், சி ஷார்ப்பில் 28 இலக்க டெசிமல், பைத்தானில் 2004 முதல் டெசிமல் தொகுதி. தரவுத்தளங்களில் எஸ்கியூஎல் நியூமரிக் வகை நெடுங்காலமாக உண்டு.

0.1 + 0.2 இங்கே 0.3தான். ஆனாலும் குறைகள் சிறியவை அல்ல. ஜாவாவில் மேற்கோளுக்குள் வைத்து 0.1 கொடுத்தால் சரியான பத்தில் ஒன்று கிடைக்கும். மேற்கோள் இல்லாமல் கொடுத்தால், மேலே பார்த்த அந்த 55 இலக்க எண் அப்படியே உள்ளே வரும். 2.0ம் 2.00ம் ஒரு வகை ஒப்பீட்டில் சமம், இன்னொரு வகையில் வேறு. முழுமையாக்கும் விதி சொல்லாமல் 1ஐ 3ஆல் வகுத்தால் ஜாவா பிழையறிவித்து நின்றுவிடும். இதைத் தொல்லை என்பவர்கள் உண்டு. எனக்கு இது பிக்டெசிமலின் மிக நேர்மையான நடத்தையாகப் படுகிறது: எங்கே வெட்டுவது என்று தெரியாத இடத்தில் அது தானாக முடிவெடுக்க மறுக்கிறது. பைத்தானின் டெசிமல் அதே இடத்தில் 28 இலக்கத்தோடு பேசாமல் நிறுத்திக்கொள்ளும்.

பதின்மத்துக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு வான்கூவர் பங்குச் சந்தை ஓர் எச்சரிக்கை. 1982இல் 1000 புள்ளியில் தொடங்கிய அதன் குறியீடு, சந்தை நன்றாக நடந்தபோதும் தேய்ந்துகொண்டே வந்து 1983 நவம்பரில் 524.811க்கு இறங்கியிருந்தது. ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை குறியீட்டைப் புதுப்பித்த நிரல், ஒவ்வொரு முறையும் மூன்றாம் தசமத்துக்குப் பின் வந்ததை முழுமையாக்காமல் வெட்டி எறிந்தது. திருத்திக் கணக்கிட்டபோது குறியீடு 1098.892. குறியீட்டைப் பாதியாக்கியது இருமத்துக்கும் பதின்மத்துக்கும் உள்ள இடைவெளி அன்று. கீழ்நோக்கி மட்டுமே வெட்டிய விதி.

பின்னமாகவே வைத்திருப்பது

வெட்டவே வேண்டாம், 1/3ஐ 1/3 என்றே வைத்துக்கொள்ளலாம் என்பது கணிதத்துக்கு மிக நெருக்கமான பதில். ஸ்கீம் மொழி இதை அனுமதிக்கிறது, ராக்கு மொழியில் 0.1 என்று எழுதினாலே அது பின்னம். பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோசம் அதற்கு முன் ஏபிசி என்ற மொழியின் ஆக்கத்தில் பங்கேற்றவர். ஏபிசியில் எண்கள் இயல்பாகவே சரியான பின்னங்கள். எளிய நிரல்கள்கூடக் காரணம் புரியாமல் மெதுவாவதை அவர் அங்கே கண்டார். ஒவ்வொரு கூட்டலிலும் பகுதியும் தொகுதியும் இலக்கம் இலக்கமாக வளர்ந்துகொண்டே போனதுதான் காரணம். பைத்தான் மிதவைப் புள்ளியோடு பிறந்ததற்கு அந்த அனுபவம் ஒரு காரணம். ராக்குவும் பகுதி 64 பிட்டைத் தாண்டினால் மிதவைப் புள்ளிக்கு இறங்கிவிடுகிறது. வர்க்கமூலமும் சைனும் வந்தால் பின்னத்துக்கு வழியே இல்லை.

இருந்தும் பின்னத்தின் பக்கம் ஓர் அழுத்தமான சான்று உண்டு. பிரெஞ்சு அறிஞர் ழான்-மிஷேல் முல்லர் ஒரு தொடரைக் காட்டினார்: முதல் இரு உறுப்புகள் 4, 4.25, முந்தைய உறுப்பால் 1500ஐ வகுத்து, அதை 815இலிருந்து கழித்து, நடப்பு உறுப்பால் வகுத்து, வந்ததை 108இலிருந்து கழித்தால் அடுத்த உறுப்பு. உண்மை விடை 5ஐ நெருங்குகிறது. மிதவைப் புள்ளியில் கணக்கிட்டால் சிறிது தூரம் 5ஐ நோக்கிப் போய்விட்டு, பின் 100ல் போய் நிலைத்துவிடும். 4ம் 4.25ம் இருமத்திலேயே பிசகில்லாத எண்கள் என்பது கவனிக்க வேண்டியது. 28 இலக்கப் பதின்மத்தில் செய்தாலும் சில படிகள் தாமதமாக அதே 100தான் வரும். படிக்குப் படி பிழை ஏறத்தாழ இருபது மடங்காகிறது. பின்னங்களில் மட்டும் விடை 5ஐ நோக்கியே போகும். அடிமானத்தை மாற்றுவதோ இலக்கத்தைக் கூட்டுவதோ இத்தகைய கணக்குக்குத் தீர்வாகாது.

விடையோடு அதன் பிழை எல்லையையும் சுமக்கும் இடைவெளிக் கணிதம் இங்கே உதவக்கூடும். ரமோன் மூர் 1966இல் நூலாக எழுதிய அத்துறைக்கு 2015இல் தனித் தர வரையறையும் வந்தது. முல்லரின் தொடரில் அது தவறான விடை சொல்லாது. எல்லை விரிந்துகொண்டே போய், விடை தெரியவில்லை என்பதைக் காட்டிக்கொடுக்கும். வேகச் செலவும், தேவைக்கு மேல் விரியும் எல்லைகளும் அதை அன்றாட நிரல்களுக்கு வெளியே நிறுத்தியிருக்கின்றன. ஜான் கஸ்டாஃப்சன் 2017இல் முன்வைத்த பாசிட் எண்கள் பிட்டுகளை வேறுவிதமாகப் பங்கிடுகின்றன. 0.1 அவற்றிலும் முடிவுறாது.

முழுமையாக்குவது யார்?

மேலே சொன்ன பதில்கள் எல்லாம் ஓரிடத்தில் வந்து சேர்கின்றன. எந்த வகையைத் தேர்ந்தாலும் எங்காவது ஓர் இடத்தில் முழுமையாக்க வேண்டும். வகைகள் அந்த இடத்தை நகர்த்துகின்றன, அவ்வளவே. 57 ரூபாய் 25 காசு விலையுள்ள பொருள் மூன்று, 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று கொள்வோம். ஒரு பொருளுக்கு வரி 10.305. பொருள் வாரியாக, பாதியை மேலே ஏற்றி முழுமையாக்கினால் 10.31 வீதம் 30.93. பாதியை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குத் தள்ளும் முறையில் 10.30 வீதம் 30.90. மொத்தத்தைக் கூட்டிய பின் ஒரே முறை முழுமையாக்கினால் 30.92. வரியை மத்திய, மாநிலப் பங்குகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 5.1525, பங்குக்கு 5.15 என்று முழுமையாக்கினால் மீண்டும் 30.90. நான்கு கணக்கும் பிழையற்ற பதின்மத்தில் செய்யப்பட்டவை. எது சரி என்று எந்தத் தரவு வகையும் சொல்லாது.

சொல்லக்கூடியது சட்டம். 2017ஆம் ஆண்டின் மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் பிரிவு 170, செலுத்த வேண்டிய வரியை அருகிலுள்ள ரூபாய்க்கு முழுமையாக்கச் சொல்கிறது. 50 காசோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு ரூபாய், குறைந்தால் விட்டுவிட வேண்டும். பைத்தான் 3இல் 30.5ஐ முழுமையாக்கினால் 30 வரும், ஏனென்றால் அது பாதியை இரட்டை எண்ணுக்குத் தள்ளுகிறது. புள்ளியியலுக்கு அது நல்ல விதி: பாதிகள் எப்போதும் மேலே போகாமல் இரு பக்கமும் பங்கிடப்படும். ஆனால் சட்டம் கேட்பது 31. யூரோ அறிமுகத்தின்போது ஐரோப்பிய ஒன்றியம் இதில் முன்மாதிரியான கவனம் காட்டியது. 1997ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை, மாற்று விகிதங்கள் ஆறு பொருளுடைய இலக்கங்களில் இருக்க வேண்டும், அவற்றை மாற்றும்போது வெட்டக்கூடாது, தலைகீழ் விகிதம் கணக்கிட்டுப் பயன்படுத்தக்கூடாது, சரியாகப் பாதியில் நின்றால் மேலே ஏற்ற வேண்டும் என்றெல்லாம் எழுதிவைத்தது. ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க் என்ற விகிதம் அப்படி வந்ததே. நிரலாளர் ஊகிக்க வேண்டியது மிகக் குறைவு.

விதி இருந்தும் ஒரே நிரலின் இரு பகுதிகள் வெவ்வேறு விதியைப் பின்பற்றினால் என்ன ஆகும் என்பதற்கு 1991 பிப்ரவரி 25 சாட்சி. சவூதி அரேபியாவின் தஹ்ரானில் பேட்ரியட் ஏவுகணை அமைப்பு, வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. 28 அமெரிக்கப் படையினர் இறந்தார்கள். பத்தில் ஒரு விநாடி என்ற அலகில் எண்ணிய கடிகாரத்தை விநாடியாக மாற்ற, 0.1ஐ 24 பிட்டில் வெட்டிப் பயன்படுத்தியிருந்தார்கள். நூறு மணி நேரம் தொடர்ந்து இயங்கியதில் 0.34 விநாடி பிசகு சேர்ந்தது. நேரமாற்றத்தின் சில இடங்கள் மட்டும் பிற்பாடு கூடுதல் துல்லியத்துக்குத் திருத்தப்பட்டிருந்தன என்பதை ராபர்ட் ஸ்கீல் 1992இல் சுட்டிக்காட்டினார். எல்லா இடமும் ஒரே அளவில் தவறாக இருந்திருந்தால், கழித்தலில் அந்தப் பிசகு பெரும்பாலும் நீங்கியிருக்கும். பாதித் திருத்தம் உயிரைக் குடித்தது.

தீராதவை

சில முடிவுகளை ஓரளவு உறுதியோடு சொல்லலாம். அளந்து பெற்ற எண்ணுக்கு இரும மிதவைப் புள்ளி பொருந்தும். மனிதர் பத்தில் எழுதி, பத்தில் திரும்பப் படித்து, சண்டையும் போடக்கூடிய எண்ணுக்குப் பதின்ம வகையோ காசுக் கணக்கோ வேண்டும். எண் எங்கிருந்து வந்தது என்பதே தேர்வை முடிவு செய்ய வேண்டும்.

அப்படியானால் நிரலில் 0.1 என்று வெறுமனே எழுதினால் மொழி எதை எடுத்துக்கொள்ள வேண்டும்? இதில் இணக்கம் இல்லை. ஜாவாஸ்கிரிப்டில் பதின்ம வகை சேர்க்கும் பேச்சு பல ஆண்டுகளாகத் தொடர்கிறது. வன்பொருளும் கைகொடுக்கவில்லை, பதின்ம மிதவைப் புள்ளி ஐபிஎம்மின் பெருங்கணினிகளிலும் பவர் செயலிகளிலும் இருக்க, மேசைக்கணினிகளிலும் கைபேசிகளிலும் மென்பொருள்தான் அதைச் செய்கிறது. சிப் வடிவமைப்பின் ஆர்வமோ எதிர்த்திசையில் ஓடுகிறது: செயற்கை நுண்ணறிவுக்காக 16 பிட், 8 பிட் எண்கள்.

முழுமையாக்கலை மொழியின் கண்ணில் படும் உறுப்பாக்குவது இன்னும் தீராத வேலை. கோபோலில் முழுமையாக்க வேண்டுமானால் அந்த வாக்கியத்திலேயே அதற்கான சொல்லை எழுத வேண்டும், எழுதாவிட்டால் வெட்டும். அதற்குப் பின் வந்த மொழிகளில் அந்த முடிவு ஏதோ ஒரு நூலகத்தின் இயல்பு அமைப்பில் புதைந்து கிடக்கிறது. பழைய கோபோல் நிரலை ஜாவாவுக்கு மாற்றும்போது இந்த வேறுபாடு நேராகவே எதிர்ப்படும். இடைப்படிகளில் வெட்டியதால் பழைய நிரல் ஒரு காசு குறைவாகச் சொல்லி வந்திருந்தால், வாடிக்கையாளர்கள் பல்லாண்டு ஏற்றுக்கொண்ட அந்த விடை சரியா, புதிய நிரல் சொல்லும் கணிதப்படியான விடை சரியா? ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் பார்த்துச் சொல்லலாம். எழுதப்படாத இடங்களில் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே முடிவெடுத்துக்கொண்டிருக்கிறது. பொதுவான நெறி எதுவும் இதுவரை உருவாகவில்லை.